ஒன்றியப் பள்ளியில் சேர்க்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? (3-ஆம் வகுப்பு, 8-ஆம் வகுப்பு)

செங்கம்_சாலை

வணக்கம். ஜூனில் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குடி போகிறோம். பெண் 3-ஆம் வகுப்பு, பையன் 8. இரண்டு பேரும் இதுவரை தனியார் மெட்ரிக், கட்டணம் கட்டிப் படித்தவர்கள். ஊருக்குள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, 4 கி.மீ. தள்ளி அரசு மேல்நிலைப் பள்ளி. "அந்த ஒன்றியமே சுமார்தான்" என்கிறார் ஒருவர். "மாவட்ட ரிசல்ட்டைப் பாருங்க" என்கிறார் இன்னொருவர். பள்ளிக்கு நேரில் போனால் எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது? அரசா தனியாரா என்ற சண்டை வேண்டாம், விவரம் போதும்.

பழைய_பெஞ்சு

சண்டை வேண்டாம் என்றால் சொல்ல ஒன்றுமில்லை. காசு இருந்தால் தனியாரிலேயே விடுங்க.

கரும்பலகை

ஒன்றியத்தை வைத்தும் மாவட்டத்தை வைத்தும் எடை போடாதீர்கள். ஒரே ஒன்றியத்தில் 3 கி.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு பள்ளிக்கூடம் இரண்டு உலகம். தொடக்கப் பள்ளி என்றால் முதல் கேள்வி: எத்தனை ஆசிரியர், எத்தனை பிள்ளை, எத்தனை அறை.

கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டே ஆசிரியர்தான். 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. கிராமத்து ஒன்றியப் பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த முதல் படியிலேயே நிற்கின்றன. ஈராசிரியர் பள்ளியில் 5 வகுப்பு, இரண்டு ஆள், அதில் ஒருவர் தலைமையாசிரியர் (ஹெச்.எம்.). 1, 2, 3 ஒரு அறை, 4, 5 இன்னொரு அறை.

அங்கே காலை எப்படிப் போகும் என்று பாருங்கள். எட்டு மணி வாக்கில் காலை உணவு. சமைப்பது மகளிர் குழு என்றாலும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு ஹெச்.எம். தலையில். அடுத்து எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) வருகைப் பதிவு. சிக்னல் இல்லாத ஊரில் இதற்காகவே போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். நடுவில் வட்டார வள மையத்திலிருந்து "அந்தப் பட்டியலை 11 மணிக்குள் அனுப்புங்க" என்று போன். குறுவள மையப் பயிற்சிக்கு ஒருவர் போய்விட்டால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி. யார் சோம்பேறி என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆள் கணக்கு அப்படி.

ஆகவே போனதும் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை? நிரப்பியது எத்தனை? அதில் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருப்பவர் யாராவது உண்டா? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. சம்பளம் இந்தப் பள்ளியில், வேலை அடுத்த ஊரில் என்று ஒருவர் இருப்பார். பட்டியலில் காலியிடமே தெரியாது.

கோப்பு_எண்

ஒரு சேர்க்கை. பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்து. அன்றைக்கு எமிஸில் 60 இருந்தால் இரண்டு, 61 இருந்தால் மூன்றாவது பணியிடம் கேட்க வழி பிறக்கும். எண்ணிக்கை குறைந்தால் இருப்பவரே உபரி ஆகிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். செங்கம்_சாலை, சேர்ப்பதென்று முடிவானால் ஜூலைக்குள் சேர்த்துவிடுங்கள். செப்டம்பரில் சேரும் பிள்ளையால் அந்த ஆண்டு நிர்ணயத்தில் பள்ளிக்குப் பயனில்லை.

தாமரைக்குளம்

3-ஆம் வகுப்புக்கு எண்ணும் எழுத்தும் திட்டம்தானே? பயிற்சி நூல் தடி தடியாக வருகிறது. அதைப் பார்த்தால் தரம் தெரிந்துவிடாதா?

கரும்பலகை

தெரியும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

எண்ணும் எழுத்தும் 2022 ஜூனில் 1 முதல் 3 வரை வந்தது, அடுத்த ஆண்டு 4, 5-க்கும் விரிந்தது. வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அந்தந்த நிலைக்குப் பாடம். மூன்று வகுப்பு ஒரே அறையில் இருக்கும் பள்ளிக்கு இது நல்ல யோசனை. கெடுவது எங்கே என்றால், பருவம் முடிவதற்குள் நூலை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில். விடையைப் பலகையில் எழுதிப் போட்டால் முப்பது பிள்ளையும் பார்த்து எழுதிவிடும். நூல் நிறைந்து அழகாக இருக்கும்.

அதனால் பயிற்சி நூலைத் தள்ளி வைத்துவிட்டு, "சொல்வதை எழுதுதல்" நோட்டைக் கேளுங்கள். அதில் பிழை இருக்க வேண்டும். ஒரு பிள்ளை எழுதியதும் பக்கத்துப் பிள்ளை எழுதியதும் வேறு வேறு இடத்தில் தப்பியிருக்க வேண்டும். ஒருவன் கெ-வையும் கே-யையும் குழப்புவான், ஒருத்தி மெய்க்குப் புள்ளி வைக்க மறப்பாள், இன்னொருவனுக்கு ற, ர தகராறு. ஆசிரியர் அதைச் சுழித்து, திருத்தி எழுத வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். முப்பது நோட்டிலும் பிழையே இல்லை என்றால் அது பலகையைப் பார்த்து எழுதியது.

கணக்குக்கு ஒரே சோதனை. 3-ஆம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று வந்தால் கடன் வாங்குவது புரியவில்லை, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது (7-2, 5-2). 5-ஆம் வகுப்புக்கு 612-ஐ 6-ஆல் வகுக்கக் கொடுங்கள். 12 என்று வந்தால் இடமதிப்பு போகவில்லை. தனியாரில் படித்த உங்கள் பெண்ணுக்கும் இதையே கொடுத்துப் பாருங்கள், எந்தப் பள்ளி என்பதைவிட அவளுக்கு எந்த நிலையில் பாடம் தேவை என்பது தெரிந்துவிடும்.

பழைய_பெஞ்சு

வெளியாள் போய் நோட்டைக் கேட்டால் ஹெச்.எம். கொடுப்பாரா?

கரும்பலகை

மற்ற பிள்ளைகளின் நோட்டை உரிமையாகக் கேட்க முடியாது. சேர்க்க வந்திருக்கிறேன், வகுப்பைப் பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே காட்டுவார்கள். சேர்க்கைக்கு ஆள் தேடுகிற காலம் இது.

வர்க்கமூலம்

பையன் விஷயத்துக்கு வருவோம். மேல்நிலைப் பள்ளி என்றால் எல்லோரும் 10-ஆம் வகுப்பு தேர்ச்சி விழுக்காட்டைத்தான் கேட்கிறார்கள். 35 மார்க் எப்படி வருகிறது என்று சொல்கிறேன், பிறகு அதற்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே பாருங்கள்.

கணக்கு வினாத்தாள்: 1 மார்க் 14, 2 மார்க் 10, 5 மார்க் 10, 8 மார்க் 2. அந்த இரண்டு 8 மார்க்கில் ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம். வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு என வரைதலில் சில வகைகள்தான் உண்டு, படிகளை மனப்பாடமாகவே பழக்கிவிடலாம். வரைபடத்துக்கும் அப்படியே. ஆக 16 கையில். ஒரு மார்க் பெரும்பாலும் பாடநூலின் பின்பக்கத்தில் இருப்பது, அதில் பத்துப் பன்னிரண்டு. நாலைந்து 2 மார்க். தேர்ச்சி. இயற்கணிதத்தில் ஒரு 5 மார்க் கணக்கைக்கூடத் தொடாமல் பிள்ளை தாண்டிவிடும்.

மெல்லக் கற்போரை இப்படித் தேற்றுவதில் தவறில்லை, 10-ஆம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் ஐ.டி.ஐ. பல பிரிவிலும் வாசல் அடைத்துவிடும். வகுப்பு முழுவதற்கும் இதையே பாடத்திட்டமாக ஆக்குகிற பள்ளிதான் ஆபத்து. அங்கே 100 விழுக்காடு வரும். அந்தப் பிள்ளை 11-இல் முதல் குரூப் எடுத்துச் சார்பும் எல்லையும் வரும்போது உட்கார்ந்துவிடும். பாலிடெக்னிக் போனாலும் முதல் பருவக் கணக்கிலேயே அரியர்.

கேட்க வேண்டியது தேர்ச்சி விழுக்காடு இல்லை. கணக்கிலும் அறிவியலிலும் 80-க்கு மேல் எத்தனை பேர், 35-க்கும் 45-க்கும் நடுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அதோடு இன்னொன்று: போன ஆண்டு 9-இல் எத்தனை பேர், இந்த ஆண்டு 10-ஆம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் எத்தனை பேர். 120 பேர் 96 ஆகியிருந்தால் மீதி 24 எங்கே? இடம் பெயர்ந்தவர்கள் கொஞ்சம் இருப்பார்கள். "நீ தேற மாட்டே, டி.சி. வாங்கிக்க" என்று அனுப்பப்பட்டவர்களும் இருப்பார்கள். மூன்று நான்கு பேர் வித்தியாசம் சகஜம், இருபது சகஜமில்லை.

தாமரைக்குளம்

இந்த வடிகட்டல் தனியாரில் இன்னும் அதிகம், அதையும் சொல்லுங்கள். அங்கே 9-லேயே 10-ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

வர்க்கமூலம்

உண்மை. 11-இல் 12-ஆம் வகுப்புப் பாடம் நடத்துகிற பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18-இல் 11-க்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைவு, சரி. பழைய பழக்கம் திரும்புமா என்பதுதான் என் கவலை. நீட் பாடத்தில் 11-ஆம் வகுப்புப் பகுதியும் உண்டு. உங்கள் பையன் மூன்று ஆண்டில் அங்கே வருவான், அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

8-ஆம் வகுப்பைப் பொறுத்தவரை கணக்குக்கும் அறிவியலுக்கும் தனித்தனிப் பட்டதாரி ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கத்தில் நடுநிலைப் பள்ளி இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்: 6 முதல் 8 வரை நூறு பிள்ளை வரைக்கும் மூன்று பட்டதாரிப் பணியிடம்தான், ஐந்து பாடத்தை மூன்று பேர் பங்கு போடுவார்கள். தமிழாசிரியர் சமூக அறிவியல் எடுத்தால் சமாளிக்கலாம். கணக்கு ஆசிரியர் இடம் காலியாகி வேறு பாடத்தவர் கணக்கு எடுத்தால் 7, 8-இல் விழும் ஓட்டை 10 வரை வரும்.

ஓவியம், உடற்கல்வி, தையலுக்குப் பல இடங்களில் பகுதிநேரச் சிறப்பாசிரியர்தான், வாரத்தில் மூன்று அரை நாள். அட்டவணையில் தினமும் பி.இ.டி. பீரியட் இருக்கும். யார் எடுக்கிறார் என்று கேளுங்கள்.

செங்கம்_சாலை

மிக்க நன்றி. மூன்று சந்தேகம். (1) பழைய பள்ளியில் கொஞ்சம் கட்டண பாக்கி இருக்கிறது, டி.சி. தர இழுத்தடிப்பார்கள் போலிருக்கிறது. (2) பையனுக்கு மருத்துவம் முதலான படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு கிடைக்குமா? (3) ஒன்றியப் பள்ளியில் ஆங்கிலவழியும் இருக்கிறது என்கிறார்கள், பெண்ணை அதில் போடலாமா?

கோப்பு_எண்

(1) 8-ஆம் வகுப்பு வரை டி.சி. தாமதம் என்பதைக் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது, கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவு. கட்டண பாக்கியை டி.சி.யில் குறிக்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு வழி உண்டு, பிள்ளையைப் பிணை வைக்க முடியாது.

நடைமுறையில் சிக்குவது டி.சி.யில் இல்லை, எமிஸில். பழைய பள்ளி உங்கள் பிள்ளைகளின் எமிஸ் எண்ணைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) விட்டால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியும். விடாமல் வைத்திருந்தால் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், கணக்கில் இருக்காது. பாடநூல், சீருடைக் கணக்கு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. புதிய ஹெச்.எம். எமிஸிலேயே கோரிக்கை வைக்கலாம். ஒரு வாரத்தில் நகரவில்லை என்றால் எமிஸ் எண்ணையும் இரண்டு பள்ளிகளின் யுடைஸ் எண்ணையும் (நாடு முழுவதும் ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்) எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள், நகலில் ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். யுடைஸ் எண் 11 இலக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33-இல் தொடங்கும்.

(2) கிடைக்காது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், 6-உம் 7-உம் கட்டணம் கட்டித் தனியாரில் படித்தாயிற்று. கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வனுக்கும் அதே 6 முதல் 12 கணக்குதான். உங்கள் பெண் 6-இல் அரசுப் பள்ளிக்கு வந்தாலே அவளுக்கு எல்லாம் பொருந்தும். பலரும் சறுக்குகிற இடம் ஒன்று: அரசு உதவி பெறும் பள்ளி 7.5-க்குள் வராது. பெயர்ப்பலகையில் "அரசு நிதியுதவி" என்று பார்த்துவிட்டு அரசுப் பள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பையனுக்கு இருப்பது என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வு. 8-ஆம் வகுப்பில் எழுதுவது, அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மனத்திறன் 90, படிப்பறிவு 90. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள், 7-இல் 55 விழுக்காடு (எஸ்.சி., எஸ்.டி.க்கு 50). தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். வருமானச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

கரும்பலகை

(3) ஆங்கிலவழிப் பிரிவுகள் அரசுப் பள்ளிகளில் 2012-13 வாக்கிலிருந்து பெருகின. ஆனால் அதற்கென்று தனி ஆசிரியர் பணியிடம் பெரும்பாலும் கிடையாது. ஈராசிரியர் பள்ளியில் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். புத்தகம் ஆங்கிலம், விளக்கம் தமிழ், தேர்வு ஆங்கிலம். பிள்ளைக்கு இரண்டும் பாதி.

என் கருத்து: பிரிவுக்கெனத் தனி ஆசிரியர் இருந்தால் ஆங்கிலவழி, இல்லையென்றால் தமிழ்வழியில் போட்டு ஆங்கிலப் பாடத்தை வீட்டில் தினம் அரை மணி வாசிக்க வையுங்கள். 3-ஆம் வகுப்பில் மாறினால் ஓர் ஆண்டில் பழகிவிடும்.

பழைய_பெஞ்சு

அரசு வேலையில் தமிழ்வழி 20 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

கோப்பு_எண்

இவர்கள் பெண்ணுக்கு அது பொருந்தாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி இருக்க வேண்டும். அதை நினைத்து மாற்ற வேண்டாம்.

தாமரைக்குளம்

யாரும் கழிப்பறையைப் பற்றிப் பேசவில்லை. பெண் பிள்ளைக்கு அதுதான் முதலில்.

யுடைஸ் தளத்தில் பள்ளி எண்ணைப் போட்டால் "பெண்கள் கழிப்பறை: உள்ளது, பயன்பாட்டில் உள்ளது" என்று வரும். அது பள்ளியே நிரப்பிய படிவம். நேரில் போகும்போது காலையில் போகாதீர்கள், காலையில் எல்லா இடமும் கழுவித்தான் இருக்கும். மதிய உணவு இடைவேளை முடிந்ததும் போய்ப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியும் குவளையும் இருக்கிறதா. இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் பெண் பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிடும். சிறுநீர்த் தொற்று வந்த பிறகுதான் தாய்க்கே தெரியும்.

கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டடம் இல்லை. மோட்டார் பழுதானால் ஊராட்சி சரி செய்யுமா பள்ளி சரி செய்யுமா என்ற இழுபறி. துப்புரவுப் பணியாளருக்குச் சொற்ப மதிப்பூதியம், அதுவும் மாதக்கணக்கில் தங்கி வரும். அவர் வராமல் நின்றால் யாரைக் குறை சொல்வது?

தீர்மான_நோட்டு

அங்கேதான் பள்ளி மேலாண்மைக் குழு வேலை செய்ய வேண்டும். முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள், இது சட்டம். 2024-இல் மறுகட்டமைப்பு செய்தபோது 24 உறுப்பினர். காகிதத்தில் எல்லா ஊரிலும் உண்டு. நடக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, தீர்மான நோட்டு. "பள்ளி வளர்ச்சி பற்றி விவாதிக்கப்பட்டது" என்று மாதாமாதம் ஒரே வரி இருந்தால் வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கி முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உருப்படியான தீர்மானம் எப்படி இருக்கும்: "பெண்கள் கழிப்பறை மோட்டார் இன்ன தேதி முதல் ஓடவில்லை. பழுது மதிப்பு இவ்வளவு. ஊராட்சி நிதியில் சரி செய்யக் கோருவது. பொறுப்பு: இன்ன உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் நிலை அறிவிப்பது." பொருள், தேதி, தொகை, பொறுப்பாள் நான்கும் வேண்டும். அதன் நகலை ஊராட்சிக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, கிராம சபையில் தனித் தீர்மானமாகவே பதியச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு.

பணமும் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் எண்ணிக்கைப்படி: 30 பிள்ளை வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000. பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. சுண்ணக்கட்டி முதல் மின்விசிறி பழுது வரை இதில்தான். 2024-25-இல் ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசின் திட்டம்) பணம் 2,152 கோடியை நிறுத்தி வைத்தது, அந்தத் தட்டுப்பாட்டுக்கு ஹெச்.எம்.மைத் திட்டிப் பயனில்லை. வந்த ஆண்டுகளின் செலவுப் பதிவேட்டைக் கேட்பது குழுவின் உரிமை.

பழைய_பெஞ்சு

ஹெச்.எம்.மைக் கேள்வி கேட்டால் பிள்ளை மேல் காட்டுவார்கள். இதையும் எழுதுங்க.

தீர்மான_நோட்டு

அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் தனி ஆளாகக் கேட்காமல் குழுவின் தீர்மானமாகக் கேட்கச் சொல்கிறேன். அடி, சாதி பார்த்து நடத்துவது, பாலியல் தொல்லை மாதிரி விஷயங்கள் தீர்மான நோட்டுக்கு உரியவை அல்ல. 14417 பள்ளிக் கல்வி உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். பாலியல் புகாரை "ஊருக்குள்ள பேசித் தீர்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், போக்ஸோ சட்டத்தில் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

கோப்பு_எண்

ஆசிரியர் விவரம் வாயால் கேட்டு வரவில்லை என்றால் தகவல் உரிமை மனு. வட்டாரக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. "பள்ளியின் தரம் பற்றித் தகவல் தருக" என்று எழுதினால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: கடந்த ஆகஸ்ட் 1 நிலவரப்படி அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், மாற்றுப்பணி ஆணைகளின் நகல், வகுப்பு வாரியாக மாணவர் எண்ணிக்கை. 30 நாளில் பதில் வர வேண்டும். மேல்நிலைப் பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கே எழுதலாம், அவர்களுடையது இல்லையென்றால் 5 நாளில் உரிய அலுவலகத்துக்கு மாற்றியாக வேண்டும்.

செங்கம்_சாலை

ஜூன் முதல் வாரமே போய்ப் பார்க்கட்டுமா?

கரும்பலகை

முதல் வாரம் வேண்டாம். புத்தகம், சீருடை வழங்கல், சேர்க்கைப் பதிவு என்று வகுப்பே நடக்காது, நல்ல பள்ளியும் சந்தைக்கடை மாதிரி இருக்கும். இரண்டாம் வாரத்துக்கு மேல், செவ்வாய் அல்லது புதன், மதியம் ஒன்றரை மணிக்குப் போங்கள். கழிப்பறை, மத்தியான வகுப்பு இரண்டையும் பார்த்துவிடலாம். முந்தின நாள் போன் செய்து மறுநாள் பயிற்சி எதுவும் இல்லையே என்று ஹெச்.எம்.மிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்ணையும் கூட்டிப் போங்கள், பிள்ளைகளோடு அரை மணி உட்காரட்டும்.